புல்லுக் காசு

கவுன்சிலுக்கு வரி கட்டுகிறோம். அதற்கு மேல் ஒரு கொம்பனிக்கும் காசு கட்டுகிறோம். தெரு ஒன்றுதான். லண்டனில் கோலியர்ஸ் வுட்டில் வீடு வாங்கிய புதிதில் இதைச் சொன்னால் சொந்தக்காரர் நம்பமாட்டார்கள். ஏதோ பிழையாக விளங்கிக்கொண்டிருக்கிறாய் என்பார்கள். எனக்கு விளங்கியதில் பிழை இல்லை. வீடுகளைக் கட்டியவன் தெருவையும் விளக்குக் கம்பங்களையும் நடுவில் கிடந்த புல் நிலத்தையும் கவுன்சிலிடம் ஒப்படைக்காமல், ஒரு பராமரிப்புக் கொம்பனியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அந்தக் கொம்பனி வருடா வருடம் எங்களுக்கு பில் அனுப்பும். புல் வெட்ட இவ்வளவு, செடி கொடி பார்க்க இவ்வளவு, விளக்குக்கு இவ்வளவு. அந்த பில்லைத் தயாரித்த செலவு என்று கடைசியில் இன்னொரு வரி. அதாவது எங்களிடம் காசு கேட்பதற்கும் எங்களிடமே காசு.

தெருவில் பாதிக்கு மேல் எங்கள் ஆட்கள். நாங்கள் அதற்கு வைத்த பெயர் புல்லுக் காசு.

வீடு வாங்கும்போதே லோயர் இதைச் சொல்லியிருக்கவேண்டும். சொன்னேன் என்றுதான் அவர் இன்றைக்கும் சொல்கிறார். சொல்லியிருக்கலாம். சாவி எப்போது கைக்கு வரும் என்பதைத் தவிர அந்த நேரம் என் காதில் வேறு ஒன்றும் ஏறவில்லை.

விளக்குகளின் கதை இன்னும் மோசம். ஜூன் மாதத்து மத்தியானத்தில் பளபளவென்று எரியும். டிசம்பரில், பின்னேரம் நாலு மணிக்கே இருட்டும் காலத்தில், செத்துக் கிடக்கும். நான் குரோய்டன் பக்கம் ட்ராம் ஓட்டுகிறவன். ஷிப்ட் முடிந்து வந்து என் வீட்டு வாசலில் போனை டோர்ச்சாகப் பிடித்துச் சாவித் துவாரம் தேடியிருக்கிறேன். போன் எடுத்துக் கேட்டால், வெளிச்சத்தை உணரும் கருவி பழுது, ஆள் வருவார் என்பார்கள். அந்த ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. அவருக்கான காசு மட்டும் பில்லில் ஒழுங்காக வந்துவிடும்.

போன வருடம் வந்த பில்லில் புல்லுக் காசு கிட்டத்தட்ட இரட்டிப்பு. காரணம், நிலப் பராமரிப்புச் செலவு கூடிவிட்டதாம். தெருவில் பலர் கட்டமாட்டோம் என்று மெயில் போட்டார்கள். நான் கத்தினேன். நான் கத்துவது புதிதல்ல, மனைவி சமையலறையிலிருந்து எட்டியும் பார்க்கவில்லை. ஆனால் அந்த முறை என்னைவிட மோசமாக அடிபட்டவர் இரண்டு வீடு தள்ளி இருந்த அக்கா.

அக்கா எங்களுக்குச் சொந்தம் இல்லை. பக்கத்தில் இருந்து இருந்து சொந்தமானவர். ஒரு ஆஸ்பத்திரியின் சமையலறையில் வேலை. தனி ஆள். ஒரே மகள் கல்யாணம் கட்டி சவுத்தாலில் இருந்தாள். அவளுக்குப் பிள்ளை கிடைக்க இருந்தது. அக்கா இந்த வீட்டை விற்று, மகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பிளாட் வாங்கிப் போக நினைத்தார். லண்டனின் ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்கு பஸ்ஸும் ரயிலும் மாறி மாறிப் போய் ஒரு கைக்குழந்தையைப் பார்க்க ஏலாது. வீட்டைப் பார்க்க வந்த முதல் ஆளுக்கு எல்லாம் பிடித்தது. புல்லுக் காசைக் கேள்விப்பட்டதும் ஓடிவிட்டான். உச்ச வரம்பு இல்லாத ஒரு கட்டணத்தோடு வீடு வாங்க எவனுக்கு விசர். இரண்டாவதாக ஒரு இளம் சோடி வந்தது. அவர்களுடைய லோயர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்: இந்த வருட உயர்வு பற்றிய தகராறு தீர்ந்துவிட்டது என்று கொம்பனி எழுதித் தரவேண்டும். தராவிட்டால் அவர்களும் போய்விடுவார்கள். பிள்ளை பிறக்கக் கொஞ்ச மாதம்தான் இருந்தது.

அக்கா என்னிடம் வந்து, "தம்பி, உம்மட வாய் கொஞ்சம் பெரிசு. அதை நல்ல காரியத்துக்கு ஒருக்காப் பாவியும்" என்றார்.

நான் பாவித்தேன். எங்கள் வீட்டு முன்னறையில் தெருவைக் கூட்டினேன். வந்தவர்களில் ஒழுங்காகப் பேசக்கூடியவர் மூலை வீட்டு மலேசியாக்காரர் ஒருவர்தான். இங்கே படிக்க வந்து இங்கேயே கணக்காளராகிவிட்டவர். அவருக்கு எல்லாவற்றுக்கும் மருந்து மெயில். "அண்ணே, மொதல்ல மெயில் போட்டுக் கேப்போம்லா. அந்த நெலத்துக்கு அவங்க என்னதான் செய்யணும்னு தெரிஞ்சுக்கிட்டுப் பேசலாம்" என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மெயில் போட்டுப் போட்டுத்தானே இந்த நிலைமை. அந்தப் புல் நிலத்தைப் பார்த்தாலே தெரியும், ஒருத்தனும் அதைத் தொடவில்லை. இடுப்பளவுக்குப் பற்றை. பாம்பு குறைந்த நாடு என்றபடியால் தப்பித்தோம். இதற்குத்தான் காசு ஏற்றுகிறார்கள்.

நான் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை ஒரு சிரமதானம் வைப்போம். எல்லாரும் இறங்கித் துப்புரவாக்குவோம். தொடங்க முதலும் முடிந்த பிறகும் படம் எடுத்து அனுப்புவோம். நாங்கள் சும்மா செய்கிற வேலைக்கு நீ ஏன் காசு வாங்குகிறாய் என்று கேட்போம். முன்னறையில் இருந்த எங்கள் ஆட்களின் முகமெல்லாம் மலர்ந்தது. ஊரில் கோயில் வீதியோ பள்ளிக்கூட வளவோ வாசிகசாலையோ, எது குப்பையாய்க் கிடந்தாலும் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். மலேசியாக்காரர் மட்டும் தலையைச் சொறிந்தார். ஆனால் ஞாயிறு காலை முதல் ஆளாகப் புது மண்வெட்டியோடு வந்து நின்றார். விலைச் சீட்டைக்கூட அவிழ்க்கவில்லை.

அப்படி ஒரு ஞாயிறு அந்தத் தெருவில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மே மாதக் கடைசி, நல்ல வெயில். மனைவி ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்தாள். ஒருவர் காரின் கதவைத் திறந்து வைத்துப் பாட்டுப் போட்டார். வருடக்கணக்காக ஹலோவோடு நிறுத்திக்கொண்டவர்கள் ஒரே வேரை இரண்டு பக்கத்தால் பிடித்து இழுத்தார்கள். அக்கா குந்தியிருந்து பிடுங்கியதைப் பார்க்கவேண்டும். ஒரு இழுவை, ஒரு உதறல், வேர் மண் எல்லாம் கொட்டிவிடும். பிடுங்கியதை என் மேல் எறிந்து, "தம்பி, ட்ராம் ஓடினாக் காணாது, கொஞ்சம் குனியவும் வேணும்" என்று நக்கல். பற்றைக்குள் ஒரு பலகை குப்புறக் கிடந்தது. கட்டடக்காரன் விட்டுப்போன குப்பை என்று நினைத்து, திருப்பிப் பார்க்காமல் பையில் போட்டேன்.

எங்களுக்குச் சுத்தம் என்றால் மண் தெரியவேண்டும். பின்னேரம் ஆனபோது தெரிந்தது. டூட்டிங் தமிழ்க் கடையில் வாங்கிய ஈர்க்குமாற்றால் மனைவி கடைசியாக ஒரு கூட்டுக் கூட்டினாள். வெறும் மண்ணில் விளக்குமாற்றுக் கோடுகள் வரிசையாக விழுந்திருந்தன. நாங்கள் எல்லாரும் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தோம். அவ்வளவு அழகு. மலேசியாக்காரர் படம் எடுத்தார். காலையில் தொடங்க முதல் எடுத்தது இரண்டு, இப்போது இரண்டு. கொம்பனிக்கு அனுப்பச் சொன்னதும் நான்தான்.

நிலத்தை ஒட்டிய வீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருந்தார். தனி ஆள். காலையில் அவரை வரச்சொல்லிக் கேட்க நினைத்தோம், திரைச்சேலை மூடியிருந்தது. மகன் வீட்டுக்குப் போயிருந்தாராம். நாங்கள் பைகளைக் கட்டிக்கொண்டிருக்கும்போது கார் வந்து நின்றது. இறங்கினார். நிலத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். நான் ஒரு ரோல்ஸை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"அந்தக் காட்டுப்பூ வெளி எங்கே?" என்று கேட்டார்.

எந்தப் பூ என்று நான் கேட்டேன். அங்கே ஒரு பூவும் இருக்கவில்லையே. இன்னும் ஒரு கிழமையில் பூத்திருக்கும் என்றார். அவ்வளவுதான் சொன்னார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மலேசியாக்காரர் மெதுவாகப் பைக்குள் கை விட்டு அந்தப் பலகையை எடுத்துத் திருப்பினார். தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வரைந்து, இது காட்டுப்பூ வெளி, தயவுசெய்து மிதிக்கவேண்டாம் என்று எழுதியிருந்தது.

வாழ்க்கையில் முதல் முறையாக அந்தக் கொம்பனி எனக்கு உடனே பதில் போட்டது. ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்கவில்லை. வீடுகள் கட்ட அனுமதி கொடுத்தபோது இந்தப் பூ வெளியும் இருக்கவேண்டும் என்பது கவுன்சில் போட்ட நிபந்தனையாம். அதை அழித்தது பாரதூரமான காரியமாம். திரும்ப உண்டாக்கும் செலவு முழுக்கத் தெருவின் தலையில் விழுமாம். எங்கள் படங்களை எங்களுக்கே திருப்பி அனுப்பி, ஆதாரத்துக்கு நன்றி என்றும் எழுதியிருந்தார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பூ என்றால் பூ மாதிரி இருக்கவேண்டும். பாத்தி கட்டி, தண்ணி ஊற்றி, பெயர் சொல்லக்கூடிய பூவாக இருக்கவேண்டும். பற்றையை வளர்த்துவிட்டு, கோடையில் அதற்குள் நாலு களைப் பூ எட்டிப் பார்ப்பதற்குப் பூ வெளி என்று பெயர் வைத்தால் எவனுக்குத் தெரியும். இன்றைக்கும் நான் இதைத்தான் சொல்கிறேன். ஆனால் அன்று மனைவி ஒரு கேள்வி கேட்டாள்: "அதெல்லாம் சரி, அக்காவுக்கு என்ன சொல்லப் போறீங்கள்?"

அந்த இளம் சோடியின் லோயருக்கு இது தெரிந்தால் வீட்டு விற்பனை அன்றோடு சரி. தகராறு தீர்ந்தது என்று ஒரு வரி வாங்கித் தரப்போன நான், இரண்டாவது தகராறு ஒன்றை உண்டாக்கிவிட்டு வந்து நிற்கிறேன். அக்கா ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஏசவில்லை. வேலை முடிந்து வரும்போது எங்கள் வீட்டில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறவர், அந்தக் கிழமை முழுக்க நேரே தன் வீட்டுக்குப் போனார். யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கிழமை கொம்பனியிலிருந்து ஒரு பெண் நேரில் வந்தார். முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து. வெறும் மண்ணில் நடக்க எதற்கு அந்தச் சப்பாத்து என்று எனக்கு விளங்கவில்லை. தெரு முழுக்க வெளியே வந்து நின்றது. கிழவரும் வந்து, எங்களோடு சேராமல் தன் வேலிப் பக்கமாகக் கைகட்டி நின்றார்.

அந்தப் பெண் பாடம் எடுக்கத் தொடங்கினார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல ஆறுதலாக, இனிமையாக. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. பூ வெளியை நாங்கள் தோட்டம் என்று நினைத்துவிட்டோமாம். அது தோட்டம் இல்லையாம். பசளை போடக்கூடாதாம், தண்ணி ஊற்றக்கூடாதாம், களை பிடுங்கக்கூடாதாம். தொடாமல் விடுவதுதான் அதற்குப் பராமரிப்பாம். கோடை முடிய ஒரு தரம் வெட்டி அள்ளவேண்டும், மற்றும்படி மனிதக் கை படக்கூடாது என்றார். நான் வாயைத் திறந்தேன். மனைவி என் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தாள்.

அப்போது அக்கா முன்னால் வந்தார். ஆஸ்பத்திரி உடுப்போடுதான் நின்றார், வேலையால் நேரே வந்தவர். அக்கா இங்கிலீசில் கதைத்தால் மெதுவாகத்தான் கதைப்பார். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார். அவர் கேட்டதை என் தமிழில் எழுதுகிறேன்.

"அப்ப, வருஷத்துக்கு ஒருக்காத்தான் வெட்டுறதோ?"

அந்தப் பெண், ஓம், ஒரு தரம்தான் என்றார். தன் பாடம் ஒருத்தருக்காவது ஏறியதே என்ற சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

"மற்ற நாளெல்லாம் ஒருத்தரும் வரக்கூடாதோ?"

வரவே கூடாது என்றார் அவர்.

"அப்ப, ரெண்டு கிழமைக்கு ஒருக்காப் புல்லு வெட்டினது எண்டு பில்லில போட்டிருக்கே. அது எந்தப் புல்லு?"

அந்தப் பெண் நிலத்தைப் பார்த்தார். கையிலிருந்த கணினிப் பலகையைப் பார்த்தார். எங்கள் தெருவில் புல் என்று இருந்தது அந்த ஒரு துண்டு நிலம்தான். வேறு எங்கேயும் ஒரு முழம் புல்கூட இல்லை. மற்றதெல்லாம் தார், கல், வீடு. அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். நாங்கள் பில்லைத் தலைகீழாகப் படித்தவர்கள்தான். ஆனால் அந்தப் பற்றையை வெட்டவேண்டியது, கள்ளன் வெட்டாமல் விட்டான் என்றுதான் கத்திக்கொண்டிருந்தோம். வெட்டக்கூடாத ஒன்றை வெட்டியதாகக் காசு வாங்குகிறார்கள் என்று ஒருத்தருக்கும் ஓடவில்லை. அவரே வந்து படிப்பித்த பிறகுதான் ஓடியது.

சரிபார்த்துச் சொல்கிறேன் என்றார் அவர். அக்கா விடவில்லை. "ஓம், பாருங்கோ. நான் நிக்கிறன்" என்றார். நின்றார். வேலிப் பக்கமிருந்து கிழவர் முதல் முறையாக வாய் திறந்தார். ஒவ்வொரு கோடை முடிவிலும் ஒரே ஒரு ஆள் வருவான், பாதி நாளில் போய்விடுவான், தன் யன்னலுக்கு நேரேதான் நடக்கிறது என்றார். எங்கள் மேல் அவருக்கு இருந்த கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அவரும் புல்லுக் காசு கட்டுகிறவர்.

அந்தப் பெண் தெருவின் அந்தம் வரை நடந்துபோய் யாருடனோ போனில் கதைத்தார். நீண்ட நேரம் கதைத்தார். நான் ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். திரும்பி வந்தவர், எங்கேயோ தவறு நடந்திருக்கிறது, நிலத்துக்கான உயர்வை இந்த வருடம் விலக்கிக்கொள்ளலாம் என்றார். வெட்டாத புல்லுக்கு வாங்கியதையும் கழித்துவிடுவார்களாம். பதிலுக்கு நாங்கள் எங்கள் செலவில் பூ வெளியைத் திரும்ப விதைக்கவேண்டும். சரி என்றோம். போகத் திரும்பியவரை மலேசியாக்காரர் மறித்தார். "இதையெல்லாம், தகராறு தீர்ந்துடுச்சுன்னு ஒரு வரியோட, இப்பவே ஒரு மெயிலா அனுப்பிடுங்க, மேடம்" என்று இங்கிலீசில் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் காருக்குள் இருந்து அனுப்பி முடிக்கும் வரை இவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மனிசனையும் அவருடைய மெயிலையும் நான் அதற்குப் பிறகு நக்கல் அடிப்பதில்லை.

விளக்குக் காசு அப்படியே நின்றது. அது வேறு பிரிவாம்.

விதைக்க செப்டம்பர் வரை பொறுத்திருக்கவேண்டும் என்றார் கிழவர். விதை எங்கே வாங்குவது என்று அவருக்குத்தான் தெரிந்திருந்தது. செப்டம்பரில் ஒரு காலை நாங்கள் கொஞ்சப் பேர் கூடி, இடையில் முளைத்ததையும் பிடுங்கினோம். அவர் குனிந்து மண்ணை ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். பூ விதைக்க நிலம் இப்படித்தான் ஒரு வேரில்லாமல் வெறுமையாக இருக்கவேண்டும், கூலிக்கு வருகிற எவனும் இவ்வளவு துப்புரவாக்கமாட்டான் என்று முணுமுணுத்தார். அதைப் பாராட்டு என்றே நான் எடுத்துக்கொண்டேன். பிறகு நான் விதை எறிந்த விதம் சரியில்லை என்று பையைப் பிடுங்கிக்கொண்டார். இந்த முறை ரோல்ஸ் கொடுத்தபோது வாங்கினார். இரண்டாவதும் கேட்டு வாங்கினார்.

அக்கா அன்று விதைக்க வரவில்லை. பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். மெயில் கிடைத்ததும் அந்தச் சோடியின் லோயர் சம்மதித்துவிட்டார். பேத்தி பிறந்து மூன்று கிழமை. சாமான் ஏற்ற லொறி வந்த அன்று எனக்குப் பின்னேர ஷிப்ட், அதனால் காலையில் போய்க் கட்டிலைக் கழற்றிக் கொடுத்தேன். அக்கா பிரிட்ஜிலிருந்த மீனையும் இறைச்சியையும் எங்கள் வீட்டில் கொண்டுவந்து அடுக்கினார். வைக்கும்போதே, எதை முதலில் சமைக்கவேண்டும் என்று மனைவிக்குக் கட்டளை. லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான்.

"நல்லா வாதாடித் தந்தீர் தம்பி" என்றார் என்னிடம்.

"நான் எங்கை வாதாடினன், வாயைப் பொத்திக்கொண்டெல்லோ நிண்டனான்" என்றேன்.

"அதைத்தான் சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு லொறியின் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். கை காட்டினார். மூலையில் திரும்பும்வரை மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே வந்து அக்கா வைத்துவிட்டுப்போன மீன் பொட்டலங்களைத் திரும்ப ஒருமுறை எடுத்து அடுக்கினாள். அவை ஒழுங்காகத்தான் இருந்தன.

எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்: "நீங்கள் தோத்திருந்தா அவ இஞ்சைதான் இருந்திருப்பா."

சவுத்தால் என்ன சந்திர மண்டலத்திலா இருக்கிறது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அக்கா அங்கே போகத்தானே இவ்வளவும் செய்தோம் என்று சொல்ல நினைத்தேன், அது அவளுக்கும் தெரியும். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று யோசித்துப் பார்த்தேன், ஒருவரும் அகப்படவில்லை. ஷிப்டுக்குப் போக இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கொம்பனிக்கு போன் எடுத்து, விளக்குப் பிரிவைத் தரச் சொன்னேன்.